கொட்டிலா, தரவையா?

அல்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமாகிய சூரத்துந் நஹ்லின் தொடக்கத்தில் கால்நடைகளைப் பற்றிய வசனங்கள் வருகின்றன. குளிரைத் தடுக்கும் ஆடை, உணவு, வேறு பல பயன்கள் ஆகியவை அவற்றிலிருந்து எமக்குக் கிடைக்கின்றன என்று கூறிய பின்னர், ஆறாவது வசனம் அவற்றின் அழகைப் பற்றிப் பேசுகின்றது. மாலையில் அவை மேய்ச்சலிலிருந்து திரும்பி வரும்போதும், காலையில் மேய்ச்சலுக்குப் புறப்படும்போதும் அவற்றில் எமக்கு அழகு இருக்கின்றது என்பது அதன் கருத்து. காலைக்கு முன்பாக மாலை சொல்லப்பட்டதற்குத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் ஒரு காரணம் கூறுவர். வயிறு நிறைந்து, மடி கனத்துத் திரும்பி வரும் நேரத்தில்தான் அந்த அழகு கூடுதலாகத் தெரிகின்றது என்பார்கள். அடுத்து வரும் எட்டாவது வசனம் குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் குறிப்பிடுகின்றது.

போவதும் வருவதும் கால்நடையின் அழகு என்றால், போகவும் வரவும் முடியாமல் ஒரே இடத்தில் நிற்கும் கால்நடையின் நிலை என்ன? வேளைக்குத் தீனி, குடிக்கத் தண்ணீர், தலைக்கு மேல் கூரை ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டால் அதற்கு வேறு குறை இல்லை என்று சொல்லலாமா? உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கும் எனக்கு இது புத்தகத்திலிருந்து வந்த கேள்வியல்ல. எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது.

மூத்தாப்பாவும் சாச்சாவும்

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் மூத்தாப்பா என்று கூப்பிடுவோம். அவர் முல்லைத்தீவு மாவட்டத்தில் நீராவிப்பிட்டியில் இருக்கின்றார். அவரிடம் முப்பது நாட்டு மாடுகள் கொண்ட ஒரு பட்டி இருந்தது. காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. பயிருக்குள் இறங்கிவிடும். ஆகையால் பட்டியை நாயாற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, அதற்கப்பால் தரவையும் காடும். பகலில் மாடுகள் மேயும். இரவில் முட்கம்பி அடைத்த பட்டிக்குள் திறந்த வானத்தின் கீழ் படுத்திருக்கும்.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மழையோடு கடுங்குளிர் காற்று வீசியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று பல மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து இறந்தன. மூத்தாப்பாவின் பட்டியில் ஏழு உருப்படிகள் போயின. அவற்றில் நான்கு கன்றுகள்.

அந்த மாடுகளை நம்பி வாழ்வது சாச்சாவின் குடும்பம். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "வாப்பா, இனி இப்பிடி விடேலாது. சீமெந்து போட்டுக் கொட்டில் கட்டுவம். எல்லாத்தையும் கட்டி வளப்பம்" என்றார்.

மூத்தாப்பா உடனே பதில் சொல்லவில்லை. பின்னர், "கட்டி வைச்சா மாடு சாகாதுதான். அதுக்காக நல்லா இருக்கும் எண்டு சொல்லேலுமா?" என்று கேட்டார்.

இந்த இருவரில் யார் சொல்வது சரி என்று அறிய விரும்பித்தான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றில் பெரும் பகுதி மாட்டைப் பற்றியதல்ல, குதிரையைப் பற்றியது. மனிதன் அதிகம் விலை கொடுத்து வாங்கியதும், அதிக அக்கறையோடு லாயத்தில் அடைத்து வைத்ததும் குதிரையைத்தான். ஆகையால் அடைத்து வைப்பதன் விளைவுகளும் குதிரையிலேயே முதலில் தெரிய வந்தன.

காயல் துறைக்கு வந்த குதிரைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்துக்கு அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்தன. அந்த வணிகம் முஸ்லிம் வணிகர்களின் கையில் இருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள் என்று எழுதுகின்றார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியரின் கருவூலம் விலை கொடுத்தது என்கின்றார்.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை சில காலத்துக்குள் இறந்துவிட்டன. அதே காலத்தில் அங்கு வந்த மார்க்கோ போலோவும் இதைப் பதிவு செய்திருக்கின்றார். குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் அந்நாட்டில் இல்லை என்பதையும், சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்ததையும் அவர் காட்டுகின்றார். வஸ்ஸாப் சொல்வது எங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வறுத்த வாற்கோதுமை, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசுப்பால் என்று கொடுத்து, உடல் கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாட்கள் குதிரையைக் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிப் போட்டார்கள் என்று அவர் எழுதுகின்றார். அதன் பின் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஏறி விரட்டினார்கள்.

இங்கே யாரும் குதிரையைப் பட்டினி போடவில்லை. தாங்கள் உண்பதில் சிறந்ததையே கொடுத்தார்கள். குறைந்தது தீனியல்ல. குதிரைக்குக் குதிரையாக வாழ இடம் கொடுக்கப்படவில்லை.

குதிரையின் உடல் சொல்வது

இதற்கான விளக்கம் குதிரையின் உடலமைப்பில் இருக்கின்றது. அவ்வளவு பெரிய உடலுக்குள் அதன் இரைப்பை 8 முதல் 15 லீற்றர் வரையே கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் உண்பதற்காகப் படைக்கப்பட்ட பிராணி அது. வெளியில் விட்டால் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேலாக மேயும். மேய்ந்தபடியே பல கிலோமீற்றர் நடக்கும்.

அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கின்றது. அந்த அமிலத்தின் காரத்தைத் தணிப்பது உமிழ்நீர். எமக்கு உணவை நினைத்தாலே வாயில் நீர் ஊறும். குதிரைக்கோ மெல்லும்போது மட்டுமே ஊறும். லாயத்தில் அடைத்து இரண்டு வேளை தானியம் கொடுத்தால் அது விரைவில் தின்று முடித்துவிடும். மிகுதி நேரமெல்லாம் வெறும் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டிருக்கும். பந்தயத்துக்குப் பழக்கப்படும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றார்கள்.

நீண்ட காலம் லாயத்தில் நிற்கும் குதிரைகளில் விசித்திரமான பழக்கங்களும் தோன்றுகின்றன. சில குதிரைகள் கதவின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை உள்ளே இழுக்கும். சில நின்ற இடத்திலேயே தலையையும் கழுத்தையும் இடமும் வலமுமாக மணிக்கணக்கில் ஆட்டும். சில சுற்றிச் சுற்றி நடக்கும். திறந்த வெளியில் கூட்டமாகத் திரியும் குதிரைகள் இவ்வாறு செய்வதில்லை. முன்னர் இவற்றைக் குதிரையின் கெட்ட குணம் என்று நினைத்து, கழுத்தில் பட்டி கட்டித் தடுத்தார்கள். அடைபட்ட வாழ்க்கையின் அடையாளம் இது என்று இன்று அறிந்திருக்கின்றோம்.

அடைத்து வைப்பவர்களுக்கும் நியாயங்கள் உண்டு. லாயத்தில் குதிரைக்கு அடிபடாது, களவு போகாது, வெயிலும் மழையும் படாது, நோய் வந்தால் உடனே தெரியும். இவை பொய்யான நியாயங்கள் அல்ல. ஆனால், இவற்றுக்காக இருபத்து நான்கு மணி நேரமும் அடைத்து வைக்க வேண்டியதில்லை. சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு மிருகப் பாதுகாப்பு விதிகள் குதிரைக்கு நடமாட்டமும், மற்றொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் கூடிய வசதியும் வேண்டும் என்கின்றன. தனிமையும் குதிரைக்கு ஒரு துன்பம் என்பதை ஒரு நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கின்றது.

எமது நாட்டில் இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க நெடுந்தீவுக்குப் போகலாம். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அங்கு குதிரைகள் வளர்க்கப்பட்டன. அந்த லாயத்தின் இடிந்த தூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரைகளின் வழித்தோன்றல்களோ கூட்டம் கூட்டமாக வெளியில் திரிகின்றன. தலைமுறை தலைமுறையாக யாரும் கட்டாமல் அவை பெருகியிருக்கின்றன. அதேவேளை, கடும் வரட்சியில் புல்லும் நன்னீரும் இல்லாமல் அவை படும் பாடும் தீவு மக்கள் அறிந்ததே. அவிழ்த்து விட்டுவிட்டால் மட்டும் எங்கள் பொறுப்பு முடிந்துவிடாது என்பதையும் நெடுந்தீவு காட்டுகின்றது.

கட்டிய மாட்டுக்கு என்ன நடக்கின்றது?

மாடு குதிரையைப் போன்றதல்ல. அதற்குப் பெரிய இரைப்பை உண்டு. தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டு வந்து அசை போடும். ஆகவே கொட்டிலில் நிற்பதைக் குதிரையை விட நன்றாகத் தாங்கும். என்றாலும் அதற்கும் எல்லை உண்டு.

மேயும் மாடு ஒரு நாளில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் புல்லைத் தேடித் தேடி நாக்கால் சுழற்றிப் பிடுங்கித் தின்கின்றது. கட்டிய மாட்டுக்கு அந்த வேலை இல்லை. சில மாடுகள் எதுவும் இல்லாத வெளியில் நாக்கை நீட்டிச் சுழற்றிக்கொண்டே நிற்கும். குதிரை கதவைக் கவ்வுவதும் மாடு நாக்கைச் சுழற்றுவதும் ஒரே வகையான செயல்கள்தாம்.

அடுத்தது குளம்பு. நடக்கும் மாட்டின் குளம்பு தானாகத் தேயும். நடக்காத மாட்டின் குளம்பு நீண்டு வளைந்து, நிற்கும் முறையையே மாற்றிவிடும். சீமெந்துத் தரையில் சாணமும் சிறுநீரும் தேங்கினால் குளம்பு ஊறிப் புண்ணாகும். அதே ஈரத்தில் மடி படும்போது மடியழற்சி வரும். கட்டியே இருக்கும் பசு சினைப்பருவத்துக்கு வந்திருப்பதைக் கண்டுபிடிப்பதும் கடினம். பசுவுக்கு 21 நாட்களுக்கு ஒரு முறை வரும் அந்தப் பருவம் ஒரு நாளுக்கும் குறைவான நேரமே நீடிக்கும். மந்தையில் நின்றால் மற்ற மாடுகளின் நடத்தை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தனியே கட்டி நின்றால் அது தவறிப்போகும். ஒரு பருவம் தவறினால் கன்றும் பாலும் பின்தள்ளிப் போகும்.

எருமையின் நிலை இதிலும் கடினம். அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். சேற்றிலும் நீரிலும் கிடந்துதான் அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. எருமையைத் தண்ணீர் இல்லாத கொட்டிலில் கட்டுவது அதன் விசிறியைப் பறிப்பதற்குச் சமம்.

ஐந்து சுதந்திரங்கள்

1964இல் ரூத் ஹரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பண்ணைகளில் மிருகங்கள் இயந்திரங்களைப் போல நடத்தப்படுவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மக்கள் கொதித்தெழுந்தனர். பிரித்தானிய அரசு பிரம்பெல் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைச் சுத்தம் செய்யவும், கைகால் நீட்டவும் ஒரு மிருகத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்று அக்குழு 1965இல் கூறியது. 1979இல் அது ஐந்து சுதந்திரங்களாக விரிந்தது. அவை, பசி தாகமின்மை, உடல் அசௌகரியமின்மை, வலியும் நோயுமின்மை, இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம், அச்சமும் மனத்துன்பமும் இன்மை ஆகியவையாகும்.

சுவீடனில் குழந்தை இலக்கிய எழுத்தாளர் அஸ்திரித் லிண்ட்கிரேன் தமது முதிய வயதில் பண்ணை மிருகங்களுக்காக எழுதிப் போராடினார். அதன் பயனாக 1988இல் வந்த சட்டம், கோடைகாலத்தில் பசுக்கள் வெளியே சென்று மேய வேண்டும் என்பதை உறுதி செய்தது.

இந்த ஐந்தையும் கொண்டு எங்கள் வீட்டு விவாதத்தை அளந்து பார்த்தேன். சாச்சா விரும்பும் கொட்டில் மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கும். நோயையும் கவனிக்கலாம். ஆனால் நான்காவது சுதந்திரம் அங்கே முற்றாக இல்லை. மூத்தாப்பாவின் பட்டியில் நான்காவது நிறைவாக உண்டு. ஆனால் இரண்டாவது இல்லை. ஏழு மாடுகள் இறந்தது அதனால்தான்.

குளிரில் அவை ஏன் இறந்தன என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். மாட்டின் இரைப்பையில் புல் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகின்றது. வயிறு நிறைந்த மாடு தனக்குள்ளேயே ஓர் அடுப்பை வைத்திருக்கின்றது. நாட்டு மாட்டின் உரோமமோ குட்டையானது, வெயிலுக்கு ஏற்றது. அது நனைந்து காற்றும் அடித்தால் உடற்சூடு விரைவாக வெளியேறும். தொடர்மழையில் மாடு மேயாமல் ஒடுங்கி நிற்பதால் அடுப்பும் அணைந்துவிடும். வரட்சி மாதங்களில் மெலிந்து போயிருந்த உடலில் எரிப்பதற்குக் கொழுப்பும் இல்லை. முதலில் கன்றுகள் விழும். ஆகவே அவற்றைக் கொன்றது மேய்ச்சல் அல்ல. மெலிவும், ஈரமும், ஒதுங்க இடமில்லாமையும் சேர்ந்து கொன்றன.

ஒரு சிறு கணக்கு

ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். நாட்டு மாடு ஒன்றை 200 கிலோ என்று வைத்தால் 20 கிலோ புல் வேண்டும். எஞ்சிய 23 மாடுகளுக்கும் 460 கிலோ. ஒவ்வொரு நாளும் அத்தனை புல்லை அறுத்துக் கொண்டு வருவது யார்? குடிதண்ணீரே ஐந்நூறு லீற்றரைத் தாண்டும். கோ-3 போன்ற புல்லை நட்டு, நீர் இறைத்து, இரண்டு மூன்று கலப்பினப் பசுக்களைக் கொட்டிலில் வளர்ப்பவர்கள் இருக்கின்றார்கள். பால் அதிகம் தரும் பசுவுக்கு அந்தச் செலவு கட்டும். ஒன்றிரண்டு லீற்றர் பால் தரும் நாட்டு மாட்டுக்குக் கட்டாது. அவற்றைக் கட்டினால் இரண்டு மாதத்தில் தீனி குறையும். அப்போது முதலாவது சுதந்திரமும் போய்விடும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது சாச்சா நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் எடுத்த முடிவு இதுதான். சீமெந்துத் தரை வேண்டாம். மேடான இடத்தில் காட்டுத் தடியும் தகரமும் கொண்டு ஒரு கூரை போடுவது, காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் மறைப்பது, மாரிக்கு என்று வைக்கோல் சேர்ப்பது, கன்றுகளையும் சினைப்பசுக்களையும் மழை இரவுகளில் அதற்குள் விடுவது. கயிறு இல்லை. பகலில் எல்லாம் தரவைக்குப் போகும்.

தரவை இருந்தால்தானே

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மேய்ச்சலுக்குப் போக இடம் வேண்டும். முல்லைத்தீவில் கால்நடை வளர்ப்போர் பல காலமாகக் கேட்பது எல்லையிட்ட மேய்ச்சல் தரையைத்தான். ஒரு பக்கம் வயல் விரிகின்றது. மறு பக்கம் ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் மாடு நுழைய முடியாது. இடையில் நிற்பவன் ஒன்றில் மாட்டை விற்க வேண்டும், அல்லது கட்ட வேண்டும். மாட்டைக் கட்டி வைப்பவன் எல்லாம் இரக்கமற்றவன் அல்ல. நிலம் இல்லாததால் கட்டுகின்றான். கால்நடையின் நலம் அதன் சொந்தக்காரனின் மனதில் மட்டும் தங்கியிருக்கவில்லை, காணி வரைபடத்திலும் தங்கியிருக்கின்றது.

மூத்தாப்பாவுக்கு இது நன்கு தெரியும். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் பட்டியை விட்டுவிட்டுப் புத்தளம் போனவர். புறப்படும் முன் கட்டியிருந்த கன்றுகளின் கயிறுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் போனாராம். கட்டிய கன்றுக்குத் தண்ணீர் தேடிப் போக வழியில்லை, அவிழ்த்தால் அது எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும் என்பது அவரது எண்ணம்.

அவர் செய்ததற்கு ஹதீஸில் ஆதாரம் இருக்கின்றது. ஒரு பூனையை அடைத்து வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை, பூமியிலுள்ளவற்றைத் தானே தேடித் தின்ன விடவுமில்லை என்பது அதன் கருத்து. கட்டி வைத்த கணமே அந்த உயிரின் பொறுப்பு முழுவதும் கட்டியவர் தலையில் ஏறிவிடுகின்றது என்று நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கின்றேன்.

எங்களில் பலருக்குப் பட்டியோ தரவையோ இல்லை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் உழ்ஹிய்யாவுக்கான மாடும் ஆடும் எங்கள் வளவுகளில் பல நாட்கள் கட்டி நிற்கின்றன. அந்த நாட்களில் கயிற்றைச் சற்று நீளமாக விடுவோம். நிழல் நகரும்போது மாட்டையும் நகர்த்திக் கட்டுவோம். வாளியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஒன்றாக வாங்கிய இரண்டை ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டுவோம். காலையிலும் மாலையிலும் தம்பியையோ காக்காவையோ கூட்டிக்கொண்டு அதைச் சிறிது தூரம் நடத்திவிட்டு வருவோம். அல்லாஹ்வுக்காக அறுக்கப்படவிருக்கும் பிராணி, கடைசி நாட்களிலாவது போவதும் வருவதுமாக இருக்கட்டும்.